தும்மல் பாட்டு, துப்பறியும் பாட்டு ஆனது!

ஜேம்ஸ்பாண்ட் இசை யார் பெற்ற பிள்ளை? ரசிகர்களின் ஓயாத சண்டை

தியேட்டரில் விளக்கு அணைகிறது. திரையில் ஒரு வெள்ளை வட்டம் நகர்ந்து வருகிறது. அதற்குள் ஒருவர் நடந்து வருகிறார். சட்டென்று திரும்புகிறார்.

"டுமீல்!"

உடனே கிட்டார் முழங்குகிறது. தியேட்டரில் கைதட்டல் வானைப் பிளக்கிறது!

அவர்தான் ஜேம்ஸ்பாண்ட். இங்கிலாந்து அரசாங்கத்தின் உளவாளி. நம்பர் 007.

1962-ம் ஆண்டு முதல் படம் வந்தது. 2021-ம் ஆண்டு 25-வது படம் வந்தது. இடையில் 6 நடிகர்கள் பாண்ட் வேஷம் போட்டார்கள். டைரக்டர்கள் மாறினார்கள். கதாநாயகிகள் மாறினார்கள். கார்கூட மாறியது. ஆனால், அந்த மெட்டு மட்டும் மாறவில்லை!

ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்களும் அந்த மெட்டைக் கேட்டதும், "ஜேம்ஸ்பாண்ட்!" என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த மெட்டு எங்கே பிறந்தது தெரியுமா?

ஒரு தும்மலில் பிறந்தது!

கெட்ட சகுனம்

மேற்கு இந்தியத் தீவுகளில் டிரினிடாட் என்று ஒரு தீவு இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவில் இருந்து ஏராளமான கூலி ஆட்களைக் கப்பலில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். அவர்களுடைய சந்ததியில் வந்தவர், எழுத்தாளர் வி.எஸ்.நைபால்.

1961-ம் ஆண்டு அவர் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் கதாநாயகன், பிஸ்வாஸ் என்ற ஏழை இந்தியன். "இவனுடைய தும்மல் கெட்ட சகுனம்" என்று, அவன் பிறந்ததுமே ஜோசியர் சொல்லிவிடுகிறார். பாவம், வாழ்நாள் முழுவதும் அந்தப் பழி அவனைத் துரத்துகிறது.

இந்த நாவலை, பாட்டுகள் நிறைந்த மேடை நாடகமாகப் போட லண்டனில் ஏற்பாடு நடந்தது. இசை அமைக்க வந்தவர், மான்டி நார்மன். லண்டனின் ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியில் பிறந்தவர். மேடைப் பாடகராக இருந்து, இசை அமைப்பாளர் ஆனவர்.

தும்மலைப் பற்றிக் கதாநாயகன் பாடுவதற்காக, இந்திய பாணியில் ஒரு மெட்டுப் போட்டார். பாட்டின் பெயர், "கெட்ட சகுனம், நல்ல சகுனம்"!

ஆனால், நாடகம் மேடை ஏறவில்லை. பாட்டு, மேஜை டிராயருக்குள் போயிற்று.

டிராயரில் இருந்து திரைக்கு!

அந்த நேரத்தில் ஆல்பர்ட் புரோக்கோலி, ஹாரி சால்ட்ஸ்மேன் என்ற இரண்டு பட அதிபர்கள், ஜேம்ஸ்பாண்ட் கதையைப் படமாக எடுக்க முன்வந்தார்கள். "டாக்டர் நோ" என்பது படத்தின் பெயர். இசை அமைக்க நார்மனைக் கூப்பிட்டார்கள்.

நார்மன் முதலில் தயங்கினார். "படப்பிடிப்பு ஜமைக்கா தீவில் நடக்கிறது. மனைவியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். செலவு எங்களுடையது" என்று பட அதிபர்கள் ஆசை காட்டினார்கள். நார்மன் சம்மதித்துவிட்டார்!

ஜமைக்காவில் அந்தத் தீவின் நாட்டுப்புற பாணியில் சில பாட்டுகளை உருவாக்கினார். மாமரத்தடியில் காதலர்கள் சந்திப்பதைப் பற்றிய ஒரு பாட்டை, அவருடைய மனைவியே பாடினார்.

எல்லாம் சரி. கதாநாயகனுக்கு என்று ஒரு மெட்டு வேண்டுமே! துப்பாக்கியும் மிடுக்கும் ஒன்றுசேர்ந்த மெட்டு!

நார்மனுக்கு டிராயர் நினைவு வந்தது. தும்மல் பாட்டை எடுத்தார். நீட்டி இழுத்துப் பாட வேண்டிய சுரங்களைத் துண்டுதுண்டாக வெட்டினார். சோகம் மறைந்தது. மிடுக்கு பிறந்தது!

படம் பார்க்காமலே இசை

ஆனாலும் பட அதிபர்களுக்குத் திருப்தி இல்லை. "மெட்டு இருக்கிறது. அதில் துள்ளல் இல்லையே!" என்று நினைத்தார்கள்.

இளைஞர் ஒருவருக்கு அழைப்புப் போனது. அவர்தான் ஜான் பாரி. வயது 28. யார்க் நகரத்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் சொந்தமாக சினிமா தியேட்டர்கள் இருந்தன. அதனால் சிறு வயதிலேயே சினிமாவும் சங்கீதமும் அவர் ரத்தத்தில் ஊறிவிட்டன. சொந்தமாக ஒரு வாத்தியக் குழுவும் வைத்திருந்தார்.

பாரி படத்தைப் பார்க்கவில்லை. மெட்டை வாங்கினார். அதற்கு எந்த வாத்தியம், எந்த வேகம், எங்கே அடக்கம், எங்கே ஆர்ப்பாட்டம் என்று தீர்மானித்தார்.

இசையின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். பின்னணியில் நாலு சுரங்கள் பூனைபோலப் பதுங்கி நடக்கும். நம் சங்கீதக் கணக்கில் சொன்னால், முதலில் பஞ்சமம். அதை ஒட்டி சுத்த தைவதம். அடுத்து சதுச்ருதி தைவதம். மறுபடியும் சுத்த தைவதம். ஏறி இறங்கும் அந்த நடையைக் கேட்டாலே, "யாரோ வருகிறான்" என்று நெஞ்சு படபடக்கும்!

அதன்மேல் கிட்டார் பாயும். பிறகு ஊதுவாத்தியங்கள் அத்தனையும் சேர்ந்து முழங்கும்.

கிட்டார் வாசித்தவர் விக் பிளிக். 1962-ம் ஆண்டு ஜூன் மாதம், லண்டனில் ஒலிப்பதிவு நடந்தது. தந்திகளை அழுத்தி, வெட்டுவதுபோல வாசித்தார். வாசித்து முடித்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குக் கிடைத்த கூலி 6 பவுன்! பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். ஜான் பாரிக்குக் கிடைத்தது 250 பவுன்.

சில மாதங்கள் கழித்துப் படம் வெளியானது. பாரி தியேட்டருக்குப் போனார். திகைத்துப் போனார்! படத்தின் தொடக்கத்தில் மட்டும் வரும் என்று நினைத்த இசை, படம் முழுவதும் ஒலித்தது. ஆனால், "இசை: மான்டி நார்மன்" என்று திரையில் எழுத்து ஓடியது.

அடுத்த படத்தில் இருந்து பாரிக்கு வாய்ப்பு வந்தது. 1987-ம் ஆண்டு வரையில், மொத்தம் 11 ஜேம்ஸ்பாண்ட் படங்களுக்கு அவர் இசை அமைத்தார். நார்மனுக்கோ அந்த ஒரே படம்தான்.

கோர்ட்டுப் படி ஏறிய மெட்டு

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

"மெட்டுப் போட்டவர் நார்மன். விதை போட்டவனுக்குத்தான் மரம் சொந்தம்!" என்றது ஒரு கட்சி.

"பாரி கை வைக்காவிட்டால் அது டிராயரிலேயே கிடந்திருக்கும். அந்தக் கிட்டார் பாணியைப் பாருங்கள். பாரி அதற்கு முன்பே தன் குழுவுக்காகப் போட்ட இசையிலும் அது இருக்கிறது!" என்றது மறு கட்சி.

1997-ம் ஆண்டு, லண்டனில் வெளியாகும் "சண்டே டைம்ஸ்" பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. மெட்டை உண்மையில் போட்டவர் பாரிதான் என்று அதில் எழுதியிருந்தது.

நார்மன் கொதித்தார். மானநஷ்ட வழக்குப் போட்டார். 2001-ம் ஆண்டு லண்டன் ஐகோர்ட்டில், ஜூரிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது.

பாரி சாட்சிக் கூண்டில் ஏறினார். "அந்த இசையை உருவாக்கியவன் நானே. நார்மனுடன் பட அதிபர்கள் ஒப்பந்தம் செய்திருந்ததால், அவர் பெயர் போடச் சம்மதித்தேன்" என்று சாட்சி சொன்னார்.

நார்மன் தும்மல் பாட்டை ஆதாரமாகக் காட்டினார்.

ஜூரிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வெற்றி நார்மனுக்கு! பத்திரிகை 30 ஆயிரம் பவுன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

விந்தையைப் பாருங்கள்! தும்மல் கதை எழுதிய நைபாலுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 2001-ம் ஆண்டுதான்!

எந்தப் பாட்டு உசத்தி?

கோர்ட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால், ரசிகர்களின் சண்டை நிற்குமா?

ஒவ்வொரு படத்துக்கும் தொடக்கத்தில் ஒரு தனிப்பாட்டு உண்டு. "எந்தப் பாட்டு உசத்தி?" என்பது அவர்களுடைய அடுத்த சண்டை.

பழைய ரசிகர்கள், "கோல்ட்பிங்கர்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். 1964-ம் ஆண்டு வந்த படம். பாடியவர் ஷர்லி பாசி. பாட்டின் முடிவில், திரையில் எழுத்துகள் ஓடி முடியும்வரை கடைசிச் சுரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று பாரி சொல்லிவிட்டார். பாசி பிடித்தார். மூச்சு முட்டியது, மயக்கமே வந்துவிடும்போல இருந்தது. ஆனாலும் விடவில்லை!

அந்தப் பாட்டு, பட அதிபர் சால்ட்ஸ்மேனுக்குப் பிடிக்கவே இல்லை. மாற்ற நேரம் இல்லாததால்தான் தப்பித்தது. அந்தப் படத்தின் இசைத்தட்டு 1965-ம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது!

பிறகு மேலும் 2 பாண்ட் படங்களுக்கு பாசி பாடினார். படத் தொடக்கப் பாட்டை 3 படங்களில் பாடியவர் அவர் ஒருவரே.

"பீட்டில்ஸ்" குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னியின் பாட்டுதான் உசத்தி என்பது இன்னொரு கட்சி. 1973-ம் ஆண்டு, அவர் பாடிய இசைத்தட்டை சால்ட்ஸ்மேனுக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்டு முடித்த அவர், "நன்றாக இருக்கிறது. யாரைப் பாடவைக்கலாம்?" என்று கேட்டாராம்! பாடியிருப்பவரே உலகப் புகழ் பாடகர் என்பதும், அதுவே முடிந்த பாட்டு என்பதும் அவருக்குப் புரியவில்லை.

மென்மையான பாட்டை விரும்புகிறவர்கள் லூயி ஆம்ஸ்ட்ராங்கைச் சொல்வார்கள். 1969-ம் ஆண்டு, உடல் நலம் குன்றி இருந்த நிலையில், "நமக்கு நேரம் நிறைய இருக்கிறது" என்று பொருள்படும் பாட்டை அவர் பாடினார். அவருக்கு நேரம் இருக்கவில்லை. 2 ஆண்டுகளில் காலமாகிவிட்டார். 52 ஆண்டுகள் கழித்து, 25-வது படத்தில் அந்தக் குரலை மறுபடி ஒலிக்கச் செய்தார்கள். ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள்.

இளைஞர்களின் வாதம் வேறு. "பரிசு வாங்கியது எங்கள் காலத்துப் பாட்டுகள்தான்!" என்பார்கள். உண்மைதான். முதல் படம் வந்து 50 ஆண்டுகள் வரையில், பாண்ட் பாட்டு ஒன்றுக்கும் ஆஸ்கார் பரிசு கிடைக்கவில்லை. 2012-ம் ஆண்டுப் படமான "ஸ்கைபால்" படத்துக்கு அடேல் பாடிய பாட்டுதான் முதலில் வாங்கியது. பிறகு சாம் ஸ்மித், பில்லி ஐலிஷ் பாடிய பாட்டுகளும் வாங்கின.

"பரிசு கிடக்கட்டும். ஊதுவாத்திய முழக்கம் எங்கே?" என்று பெரியவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

பாண்ட் உண்டு, மெட்டு இல்லை!

இத்தனை சண்டையிலும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பழைய மெட்டு இல்லாவிட்டால் பாண்ட் இல்லை!

1983-ம் ஆண்டு இதற்கு ஒரு சோதனை வந்தது. அந்த ஒரே ஆண்டில் 2 ஜேம்ஸ்பாண்ட் படங்கள் வெளியாகின. ஒன்று, பழைய கம்பெனியின் "ஆக்டோபசி". ரோஜர் மூர் நடித்தது. இன்னொன்று, வேறு ஒரு கம்பெனி எடுத்தது. அதில் நடித்தவர், முதல் பாண்டாக நடித்த ஷான் கானரியேதான்!

ஆனால், அந்தக் கம்பெனிக்கு மெட்டைப் பயன்படுத்தும் உரிமை இல்லை. அசல் பாண்ட் இருந்தார். அசல் மெட்டு இல்லை. "உப்பில்லாத விருந்து!" என்று ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

மகுடியில் பாண்ட்!

"ஆக்டோபசி" படமோ நம் இந்தியாவில், உதயப்பூரில் படமாக்கப்பட்டது. அதில் உளவாளியாக நடித்தவர் யார் தெரியுமா? சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்!

படகில் வந்து கரை இறங்குகிறார் பாண்ட். பாம்பாட்டி வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறார் விஜய் அமிர்தராஜ். "நான் உங்கள் ஆள்" என்று பாண்டுக்குத் தெரிவிக்க வேண்டும். மகுடியை எடுத்து ஊதுகிறார்.

என்ன ஊதினார்? அதே ஜேம்ஸ்பாண்ட் மெட்டு!

தியேட்டரில் சிரிப்பு அலைமோதியது. ஆனால், ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கப்பலேறிப் போன இந்தியர்களின் கதைக்காக, இந்திய பாணியில் பிறந்த மெட்டு அது. லண்டனில் வேஷம் மாற்றிக்கொண்டு, உலகமெல்லாம் சுற்றிவிட்டு, இந்திய மகுடியில் வந்து உட்கார்ந்தது!

மூன்று பேர்

2005-ம் ஆண்டு நார்மன், தும்மல் பாட்டைத் தானே பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். கேட்டவர்களில் சிலர், "அதே மெட்டுதான்!" என்றார்கள். சிலர், "மெட்டு அதுதான். மிரட்டல் பாரியுடையது" என்றார்கள்.

இன்று மூன்று பேரும் உயிரோடு இல்லை. பாரி 2011-ம் ஆண்டு காலமானார். நார்மன் 2022-ம் ஆண்டு, 94-வது வயதில் மறைந்தார். கிட்டார் வாசித்த விக் பிளிக், 2024-ம் ஆண்டு கண்ணை மூடினார்.

மெட்டுப் போட்டவருக்குப் பெயர் கிடைத்தது. மெருகேற்றியவருக்குப் புகழ் கிடைத்தது. தந்தியை மீட்டியவருக்கு 6 பவுன் கிடைத்தது.

அடுத்த பாண்ட் படம் வரும்போதும் தியேட்டரில் விளக்கு அணையும். வெள்ளை வட்டம் நகரும். "டுமீல்" கேட்கும். திரையில் நார்மன் பெயர் வரும். ரசிகர்கள் பாரியைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆனால், அவர்கள் காதில் முதலில் வந்து விழப்போவது, 6 பவுன் கூலிக்காரரின் விரல்கள் எழுப்பிய அந்தத் தந்தி நாதம்தான்!