வானில் வந்து கடலில் ஏறுவோர்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் மாலை வேளையில் நடந்து செல்வோருக்குக் கப்பல் என்பது அசையாது நிற்கும் ஒரு பொருளாகவே தோன்றும். சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் நாட்கணக்கில் நங்கூரமிட்டு நிற்பதை இவ்வூரார் பிள்ளைப் பருவம் முதற்கொண்டு கண்டு வந்துள்ளனர். சரக்கு இறங்கும்வரை கப்பல் நிற்கும். மழை பெய்தால் இன்னும் ஒரு நாள் கூடுதலாக நிற்கும். பஸ்தான் ஓடிவிடும், கப்பல் எங்கே ஓடப்போகிறது என்ற எண்ணம் இதனால் துறைமுகவாசிகளின் மனத்தில் தானாகவே படிந்துவிடுகிறது. உல்லாசப் பிரயாணக் கப்பலைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முற்றிலும் பிழையானதாகும்.

இவ்வகைக் கப்பல்கள் தமிழ் மக்களுக்கு முன்போல் தொலைவான விஷயமல்ல. 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களைத் தொட்டுச் சென்னைக்கு மீளும் சேவை அது. அதே மாதம் 16 ஆம் திகதி காங்கேசன்துறையில் அக்கப்பல் முதன்முதலாக வந்து நின்றபோது அதனைக் காண மக்கள் ஆவலுடன் திரண்டனர். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏறுகின்றன. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் சீட்டு எடுத்து, திருகோணமலையில் இருக்கும் தாய் தந்தையரைச் சிங்கப்பூருக்கு வரவழைத்து, அங்கே கப்பலில் ஒன்றுகூடுவதும் உண்டு. பல ஆண்டுச் சேமிப்பும், பல ஆண்டுகளாகக் காணாத முகங்களும் அந்த ஒரு கப்பலில் சேர்ந்திருக்கும்போது, கப்பல் புறப்படும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்கலாமா என்ற கேள்வி சிறிய கேள்வியன்று.

ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம் என்பதே அன்றைய தினமே போய்ச் சேர விரும்புவோர் கூறும் காரணம். கணக்கும் முதற்பார்வைக்குச் சரியாகவே தோன்றும். சிங்கப்பூரில் கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். கட்டுநாயக்காவிலிருந்து நள்ளிரவு கடந்து 12.30க்கு எழும் விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பறக்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் இலங்கைக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆகவே அங்கே காலை 7 மணி. கப்பலுக்கு இன்னும் பத்து மணி நேரம் கையில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

கணக்கின் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. முதலாவதாக, கப்பல் புறப்படும் நேரமும் கப்பலில் ஏறும் வாயில் மூடப்படும் நேரமும் ஒன்றல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும், ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகவே பதிவு முடிந்துவிடும். ஐந்து மணிக் கப்பலுக்கு மூன்றரை மணியே முடிவு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதாக, நள்ளிரவு விமானம் இரத்தாகி, காலை 7.30 விமானத்தில் இடம் கிடைத்தால், அது சிங்கப்பூரில் இறங்கும்போது பிற்பகல் 2 மணி. குடிவரவு வரிசை, பயணப்பெட்டி, வாடகைக் கார் எல்லாம் கடந்து துறையை அடையும்போது வாயில் மூடியிருக்கும். அதிலும் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல்களுக்கு இரண்டு முனையங்கள் உண்டு. ஒன்று ஹார்பர்பிரன்ட்டில் இருக்கிறது. மற்றது 2012 இல் திறக்கப்பட்ட மரீனா பே முனையம். அவசரத்தில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றுக்குச் சென்று இறங்கினால் எஞ்சிய அரை மணியும் தொலைந்துபோகும்.

திருகோணமலைவாசிக்கோ பயணம் கட்டுநாயக்காவில் ஆரம்பிப்பதில்லை. சீனன்குடாவில் விமானத்தளம் உண்டு. அது விமானப் படையினருடையது. சிறு உள்நாட்டு விமானங்கள் அங்கே இறங்கியதுண்டேயன்றி, வெளிநாடு செல்வோர் அங்கிருந்து நேரே புறப்பட இயலாது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வீதியைக் கடந்தாக வேண்டும். ஹபரணைக் காட்டுப் பகுதியில் இரவில் யானை வீதியை மறித்து நின்றால் சாரதி என்ன செய்வார்? விளக்கைக் குறைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். இரவுப் புகையிரதத்தில் போகலாம் என்றால், கல்லோயாச் சந்தி வழியாகக் கொழும்பு சென்றடைய ஓரிரவு முழுவதும் ஆகிவிடும்.

கப்பல் ஏன் சற்று நேரம் காத்திருக்கலாகாது? ஆயிரக்கணக்கானோர் ஏறும் கப்பலில் நாலு பேருக்காக அரை மணி நேரம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்? இப்படிக் கேட்பவர்கள் கப்பலைத் தனியொரு வாகனமாக எண்ணிக்கொள்கிறார்கள். துறைமுகத்தை விட்டு வெளியேறுவதற்கு வழிகாட்டி மாலுமி ஒருவர் குறித்த நேரத்துக்கு ஏறுகிறார். இழுவைப் படகுகள் வேண்டுமெனில் அவையும் குறித்த நேரத்துக்கே வருகின்றன. அத்துறைமேடைக்கு அடுத்த கப்பல் வரவிருக்கலாம். ஆழம் குறைந்த துறைமுகங்களில் வற்றுப்பெருக்கும் கட்டுப்படுத்தும். திருகோணமலைக்கு இயற்கை ஆழத்தை வாரி வழங்கியிருக்கிறது. எல்லாத் துறைமுகங்களுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. அடுத்த துறைமுகத்திலும் இதேபோல் நேரம் குறிக்கப்பட்டிருக்கும்.

இழந்த நேரத்தைக் கடலில் விரைந்தோடி ஈடுசெய்யலாமே என்பர். அதற்கு விலை கடுமையானது. கப்பலின் வேகம் கூடக்கூட அதற்கு வேண்டிய வலு ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் இயந்திரத்தின் வலு மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டியிருக்கும். எண்ணெயும் அதற்கேற்ப எரியும். நாலு பேருக்காகக் காத்திருந்த அரை மணி நேரம் இரவு முழுவதும் எண்ணெயாக எரிந்துகொண்டிருக்கும்.

இன்னொரு காரணம் காகிதம் சம்பந்தப்பட்டது. கப்பலில் இருப்போரின் பெயர்ப்பட்டியல் புறப்படுவதற்கு முன்பே அரசாங்க அதிகாரிகளைச் சென்றடைய வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் அது புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன்பே அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. பட்டியல் சென்றபின் ஓடி வருபவர், கப்பல் கண்முன்னே நின்றாலும், சட்டத்தின் கண்ணில் கரையிலேயே நிற்பவர்.

பழங்காலத்தில் இந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. நீலத் துணியின் நடுவே வெள்ளைச் சதுரம் பொறித்த கொடி பாய்மரத்தில் ஏறினால், கப்பல் புறப்படப்போகிறது, கரையிலுள்ளோர் யாவரும் உடனே ஏறுக என்பது பொருள். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய திருகோணமலையில் கொடிகளின் மொழி நன்கு பழகிய ஒன்று. இன்றைய பிரயாணி விமான நிலையத்தின் ஆசனத்தில் அமர்ந்திருக்கும்போது அந்தக் கொடி அவருடைய கண்ணுக்கு எட்டுவதில்லை.

கப்பல் தம்மை விட்டுச் சென்ற கதையில் இம்மாவட்டத்துக்குத் தனிச் சிறப்பே உண்டு. புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 இல் அதன் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும், மேலும் சிலரும் கண்டியரசன் இராஜசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். எஞ்சியோர் கப்பலைச் செலுத்திக்கொண்டு போய்விட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே மாண்டார். மகன் 1679 இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடையும்வரை பத்தொன்பது ஆண்டுகள் இலங்கையில் கழித்தார். மூதூர்ப் பக்கம் செல்வோர் இக்கதையை இன்றும் கேட்கலாம்.

கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் ஆராயத்தக்கது. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு அன்றே பறந்து வந்து, இலங்கைக் கப்பலைத் தவறவிட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் திருகோணமலையில் ஏற விரும்பினால், இலங்கை அனுமதி பெற்று, புதிய விமானச் சீட்டு வாங்கி, கட்டுநாயக்காவில் இறங்கி, மேற்சொன்ன 250 கிலோமீற்றரைக் கார் பிடித்துக் கடக்க வேண்டும். அதுவும் கப்பல் இங்கே நிற்கும் சில மணி நேரத்துக்குள். செலவு முழுவதும் அவருடையது. நடுவழியில் ஏறுவதற்குக் கப்பல் நிறுவனமும் குடிவரவுத் திணைக்களமும் இசைய வேண்டும். அமெரிக்காவில் 1886 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அந்நாட்டின் ஒரு துறைமுகத்தில் ஏற்றியவரை மற்றொரு துறைமுகத்தில் இறக்குவதற்குக் கடும் வரம்பு விதித்திருக்கிறது. அதனால் அங்கே இரண்டாவது துறைமுகத்தில் ஏற வருபவரைத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

2024 மார்ச் இறுதியில் ஆப்பிரிக்காவின் மேற்கே சாவோ தோமே தீவில் நடந்தது உலகச் செய்தியாயிற்று. சுற்றிப் பார்க்கத் தாமாகச் சென்ற எட்டுப் பேர் தாமதித்துத் திரும்பினர். கப்பல் அப்போது கடலில் நங்கூரமிட்டுக் கண்ணுக்குத் தெரிந்தபடியே இருந்தது. எனினும் அவர்கள் ஏற்றப்படவில்லை. அவர்களுடைய கடவுச்சீட்டுகள் கரையிலிருந்த முகவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. பல நாடுகள் வழியாகப் பறந்து காம்பியாவை அடைந்தால், அங்கே கப்பல் கரையணைய இயலவில்லை. பின்னர் செனகலில்தான் அவர்கள் கப்பலைக் கண்டனர்.

வானிலையைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. கிழக்குக் கரையினருக்குக் கார்த்திகை மார்கழியை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 4 ஆம் திகதி ‘மிச்சோங்’ புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2024 நவம்பர் 30 ஆம் திகதி ‘பெஞ்சல்’ புயலிலும் மூடப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் ‘திட்வா’ புயல் இலங்கையைத் தாக்கியபோது வீதிகளும் தண்டவாளங்களும் பல இடங்களில் அறுந்துபோயின. வானம் தெளிவாயிருந்தும் தடை நேரலாம்: 2024 ஜூலை 19 ஆம் திகதி கணினிக் கோளாறொன்றினால் உலகெங்கும் விமானங்கள் நின்றன, இந்திய விமான நிலையங்களில் ஏறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

முற்காலத்தில் தமிழருக்கு இத்தொல்லை இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறியவர் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் புகையிரதத்தில் கொழும்பு சென்றார். கொழும்புவரை ஒரே சீட்டு. புகையிரதத்தின் வரவையொட்டியே கப்பலின் நேரம் அமைக்கப்பட்டிருந்தது. வண்டி தாமதித்தால் அது பிரயாணியின் குற்றமாகாது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த ஏற்பாடு முறிந்தது. இன்று விமானச் சீட்டு ஒருவரிடமும் கப்பல் சீட்டு வேறொருவரிடமும் வாங்கப்படுகின்றன. ஒருவருடைய தாமதத்துக்கு மற்றவர் பொறுப்பாளியல்லர். இரண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் பிரயாணிக்குச் சொந்தம்.

இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பும் வழிகள் உண்டு. கப்பல் நிறுவனத்தின் வாயிலாகவே விமானச் சீட்டையும் பெற்றால், தாமதம் நேரும்போது மாற்று வழி தேடித் தருவது அவர்களுடைய வேலையாகிறது. கப்பலை நிறுத்தி வைப்பதாக அவர்களும் வாக்களிப்பதில்லை. பிரயாணக் காப்புறுதியில் புறப்பாடு தவறுதலுக்கு ஈடு தரும் பிரிவு இருக்கிறதா என்றும், எத்தனை மணி நேர இடைவெளி விட்டிருந்தால் அது செல்லும் என்றும் வாசித்துப் பார்க்க வேண்டும். சிறு எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது விஷயமே. 1999 ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கை தாமதத்தால் வரும் நட்டத்துக்கு விமான நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. எனினும் தாமதத்தைத் தவிர்க்க நியாயமான முயற்சிகள் அனைத்தையும் செய்ததாக அந்நிறுவனம் நிறுவினால் அப்பொறுப்பு நீங்கிவிடும். தவிர, ஈட்டுத் தொகை கைக்கு வரும் நாளில் கப்பல் பல முறை போய்த் திரும்பியிருக்கும்.

கப்பல் புறப்படும் ஊருக்கு நாள்தோறும் பல விமானங்கள் செல்லும் நகரத்தில் வசிப்பவர், அதிகாலை முதல் விமானத்தில் ஏறி, பின்னால் இரண்டு மூன்று விமானங்களைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு துணிந்து போகலாம். அது முறையான துணிவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குச் செல்வோருக்கு அந்த வசதி இல்லை. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. எனினும் அங்கிருந்து செல்லும் சிறு விமானங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒன்று நின்றால் மறுநாள் வரை காத்திருக்க நேரலாம். திருகோணமலையிலிருந்து புறப்படுவோர் கப்பலுக்கு முதல் நாளே அவ்வூரில் உறங்கி எழுவதற்கு வழி செய்துகொள்வது நன்று. மாரி காலமாயின் இரண்டு நாள் முந்தினாலும் மிகையன்று.

முந்திச் சென்றாலும் பயணப்பெட்டி பிந்தி வரக்கூடும். கப்பலில் ஏறியபின் பெட்டி வந்து சேர்ந்தால் அது துறைமுகம் துறைமுகமாகக் கப்பலைத் துரத்திக்கொண்டு திரியும். ஆகையால் மருந்து, மூக்குக்கண்ணாடி, கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்பவர் மருத்துவரின் சீட்டையும் உடன் வைத்திருப்பது நன்று. திரும்பும் நாளிலும் இதே கணக்குத்தான். கப்பல் காலை 7 மணிக்குத் துறையை அணைந்தாலும், ஆயிரக்கணக்கானோர் வரிசையாக இறங்கிச் சுங்கம் கடந்து வெளிவர முற்பகல் ஆகிவிடும். வீடு நோக்கிய விமானத்தைப் பிற்பகலுக்கோ இரவுக்கோ எடுத்துக்கொள்ளலாம்.