வாடகை வீடே சொந்த வீடாகுமா?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. பிழைப்பை நாடி ஹைதராபாத் நகரில் குடியேறும் தமிழ்க் குடும்பத்தினர், பத்மராவ் நகரிலாயினும் மாதாப்பூரிலாயினும், முதலில் புகுவது வாடகை வீட்டிலேயே ஆகும். சிறிது பொருள் சேர்ந்ததும் சொந்த வீட்டில் நாட்டம் பிறக்கிறது. ஆயினும் முழு விலைக்கு வழியில்லை. ஊரின் இயல்பும் நன்கு தெரியவில்லை. இத்தகையோருக்கு ஓர் இடைவழி உண்டு. ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டே, முன்னரே உறுதி செய்த விலைக்குக் குறித்த காலத்திற்குள் அதனை வாங்கும் உரிமையைப் பெறுவதே அது.

நம் நாட்டுப்புறத்து ஒத்தி இதனின் வேறானது. ஒத்தியில் நாம் கொடுத்த பெருந்தொகை காலமுடிவில் திரும்பி வருகிறது. இம்முறையிலோ வாங்கும் உரிமைக்கென ஒரு தொகை தருகிறோம். வாங்கினால் அது விலையில் கழியும். வாங்காவிடில் உரிமையாளரையே சேரும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம். வீட்டின் விலை 60 லட்சம் ரூபாய். காலம் 2 ஆண்டு. உரிமைத் தொகை 1 லட்சம் என்க. மாத வாடகை 20,000 பெறும் வீட்டிற்கு 25,000 தருகிறோம்; கூடுதலான 5,000 விலையில் கழியும் என்பது ஏற்பாடு. 24 மாதத்தில் அது 1,20,000 ஆகிறது. உரிமைத் தொகையும் சேர்ந்து 2,20,000 கழியவே, எஞ்சுவது 57,80,000. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனி. அதற்குள் சந்தை விலை ஏறினால் ஆதாயம் நமக்கு. விலை இறங்கினாலும், வங்கிக் கடன் கிட்டாமற்போனாலும், வாங்காமல் விலகலாம். ஆனால் அந்த 2,20,000 ரூபாயை இழக்கிறோம்.

இனி, சட்டத்தின் நிலையைக் காண்போம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் ஒன்றினால் மட்டும் சொத்தில் நமக்கு உரிமை உண்டாவதில்லை. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையைத் தரும். உரிமையாளர் விற்க மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம். ஒப்பந்தத்தில் குறித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். ஒப்பந்தம் இருப்பதறியாத மூன்றாமவர் ஒருவர் இடையில் நேர்மையாக விலை கொடுத்து வாங்கிவிட்டாலோ, நம் வழக்கு வெல்லுதல் அரிது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். அதனைத் தவிர்க்கவே 11 மாத வாடகைப் பத்திரம் எங்கும் வழக்கிலுள்ளது. ஈராண்டு உரிமையை அத்தகைய பத்திரத்தின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதி நிறைவு கொள்ளலாகாது. விலை, காலம், கழிவுத் தொகை ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதி, ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தலே காப்பு.

முன்பணம் தருமுன் ஆராய வேண்டுவன சில உள. வில்லங்கச் சான்று பெறுக. மூலப் பத்திரங்களையும் கண்ணாற் காண்க. அவை வங்கியில் அடமானமாக இருப்பின், உரிமையாளர் கடனைக் கட்டத் தவறும் நாளில் வீடு ஏலத்திற்கு வரக்கூடும். பொது அதிகாரப் பத்திரம் காட்டி ஒருவர் விற்க வந்தால், அது கிரயத்திற்கு ஈடாகாது என 2011இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை நினைவிற் கொள்க.

ஹைதராபாத் ஏரிகள் நிறைந்த நகரம். 2024 ஜூலையில் தெலங்கானா அரசு நிறுவிய ‘ஹைட்ரா’ அமைப்பு, ஏரி நிலத்தில் எழுந்த கட்டடங்கள் பலவற்றை இடித்தது. ஆகவே மனை ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள்ளோ அதனை அடுத்த காப்பு நிலத்திலோ உள்ளதா என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

தெலுங்கில் எழுதிய பத்திரத்தை, விற்பவரைச் சாராத வழக்கறிஞர் ஒருவரைக்கொண்டு வரிவரியாகப் படிப்பித்துப் பொருளுணர்ந்த பின்னரே கையெழுத்திடுக. அவருக்குத் தரும் கட்டணம் சிறிது. காக்கப்படுவதோ ஒரு குடும்பம் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருள்.