துடுப்பு பிடித்த குழந்தை டாக்டர்

குழந்தை மருத்துவருக்கு மருத்துவமனைக்கு வெளியே வேறு ஈடுபாடுகள் எதற்கு என்று கேட்பவர்கள், பெஞ்சமின் ஸ்பாக்கைப் பார்க்கலாம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர். 1929இல் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். படகுக்கும் பாலூட்டலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். அவரைத் தனித்துக் காட்டியது, கூடுதலாக அவர் பயின்ற உளப்பகுப்பாய்வு. மணி பார்த்துப் பால் கொடு, அழுதாலும் தூக்காதே என்று நிபுணர்கள் அதட்டிவந்த காலம் அது. 1946இல் வெளியான அவருடைய குழந்தை வளர்ப்பு நூலோ, தாயின் சொந்த அறிவை நம்பச் சொன்னது.

அகலக்கால் வைத்தால் தொழில் கெடும் என்பார்கள். அவர் சறுக்கியதும் உண்மைதான். மல்லாந்து படுத்தால் வாந்தி தொண்டையை அடைக்கும் என்று கருதி, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார். அது திடீர் மரண அபாயத்தைக் கூட்டும் என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் சோதித்துப் பாராத அந்த அனுமானத்தை அன்று வேறு பல மருத்துவர்களும் சொன்னார்கள். எனவே பழி அவர் பயின்ற உளப்பகுப்பாய்வுக்குப் போகாது. பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதை வெளிப்படிப்பு கற்றுத்தரும். என்ன சொல்வது என்பதை ஆய்வுதான் தீர்மானிக்க வேண்டும். கைக்குழந்தையை மல்லாக்கவே தூங்க வையுங்கள்.