மாதம் 500 ரூபாயில் எந்தக் காசைச் சேர்ப்பது?

நாணயம் சேர்க்கத் தொடங்கிய புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். கண்காட்சியில் எடை போட்டு விற்ற வெளிநாட்டுச் சில்லறை, தேய்ந்துபோன விக்டோரியா கால் அணா, ஒரு நிஜாம் காசு, எந்த நாட்டுடையது என்றே தெரியாத ஓட்டைக் காசு நான்கைந்து. இரண்டு வருஷத்தில் பிஸ்கட் டப்பா ஒன்று நிறைந்தது. ஒரு காசுக்கும் அடுத்த காசுக்கும் தொடர்பு இல்லாததால், ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியவில்லை. செலவழித்த பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, அதே தொகையில் ஒரு முழு வரிசையை முடித்திருக்கலாம் என்று புரிந்தது.

அதனால், பணம் அளவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வாங்குவதற்கு முன் ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலம், ஒரு ஊர், ஒரு அரசர், ஒரே மதிப்பு, எதுவாகவும் இருக்கலாம். 'இந்திய நாணயங்கள்' என்று வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் முடியாது. 'நயா பைசா' என்று வைத்துக்கொண்டால் சில மாதங்களில் ஒரு வரிசை கைக்கு வந்துவிடும். மாதம் 500 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 6,000. சின்ன எல்லைக்குள் அது நல்ல தொகை.

நயா பைசாவையே எடுத்துக்கொள்வோம், புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை என்றிருந்த கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று மாறி, ரூபாய்க்கு 100 பைசா ஆனது. பழைய பைசாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் புதியதற்கு 'நயா பைசா' என்று பெயர். பழக்கப்பட்டதும் 1964 ஜூன் 1 முதல் 'நயா' போய்விட்டது. ஆக, அந்தச் சொல் காசில் இருந்தது ஏழு வருஷம்தான். 1, 2, 5, 10, 25, 50 என்று ஆறே மதிப்புகள். ஐம்பது மட்டும் கொஞ்சம் தாமதமாக, 1960இல் வந்தது.

ஒரு 10 நயா பைசாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பு பூவிதழ்போல வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள். மறு பக்கம் '10' என்ற எண்ணோடு, ரூபாயில் பத்தில் ஒரு பாகம் என்று இந்தியில் எழுதியிருக்கும். 5இல் இருபதில் ஒரு பாகம், 1இல் நூறில் ஒரு பாகம். அணாவிலேயே கணக்குப் போட்டுப் பழகிய ஜனங்களுக்கு, இந்தப் புதுக் காசு ரூபாயில் எவ்வளவு என்று காசே சொல்லிக்கொடுத்தது. ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா, சரியாகப் பிரியாது. நாலு அணாவுக்கு 25, எட்டு அணாவுக்கு 50, இவை மட்டும் சரியாகப் பொருந்தின. அதனால்தான் அணா ஒழிந்து ஐம்பது வருஷம் ஆன பிறகும் நம் வாயில் 'நாலணா', 'எட்டணா' நின்றது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போயின.

ஆறு காசும் சேர்ந்த பிறகு, பெரிய செலவில்லாமல் அதே வரிசையை ஆழப்படுத்தலாம். 1 நயா பைசா முதலில் வெண்கலத்தில் வந்தது, 1962இல் மஞ்சள் நிற உலோகத்துக்கு மாறியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிறகு வருஷத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்ன வைரக் குறி இருந்தால் பம்பாய் நாணயச் சாலை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், எதுவுமே இல்லையென்றால் கல்கத்தா. 1988க்குப் பிந்திய காசுகளில் ஒரு புள்ளி இருந்தால் அது நொய்டா. இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால், வீட்டு உண்டியலே ஒரு வாரத்துக்கு வேலை கொடுக்கும்.

பழையது என்றால் விலை அதிகம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. ராஜராஜ சோழனின் செப்புக் காசு ஆயிரம் வருஷம் பழையது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்கருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீராஜராஜ'. அடித்த எண்ணிக்கை ஏராளம், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கிறது. அதனால் சுமாரான ஒன்றை இன்றும் சில நூறு ரூபாய்க்குள் வாங்கலாம். 1939ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய்க்கு வயது நூறுகூட ஆகவில்லை. ஆனால் நம் பட்ஜெட்டில் அதன் பக்கமே போக முடியாது, போதாக்குறைக்குப் போலிகள் வேறு. பொதுவாகவே வெள்ளி ரூபாய்களைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள் என்பேன். 1939 வரை அடித்த ஒவ்வொன்றிலும் பத்து கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கிறது. வெள்ளி விலை ஏறினால் சாதாரண வருஷத்துக் காசும் கூடவே ஏறும், உங்கள் மாதப் பணத்தை ஒரே காசு விழுங்கிவிடும்.

என் சொந்த எல்லை புதுக்கோட்டை. தொண்டைமான்களின் அந்தச் சமஸ்தானத்தில் 'அம்மன் காசு' என்றொரு சின்னச் செப்புக் காசு ஓடியது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியின்போது அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்கள். முந்தையவை கையால் அடித்தவை, தடிப்பாக, ஓரம் கோணலாக இருக்கும். அச்சு காசைவிடப் பெரிதானதால் அம்மனின் பாதி உருவம் வெளியே போயிருக்கும். பிந்தையவை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இயந்திரத்தில் அடித்து வந்தவை, வட்டம் பிசகாது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்தால், கொல்லனின் சுத்தியலிலிருந்து நீராவி இயந்திரம் வரைக்கும் காசடிக்கும் தொழில் மாறிய விதம் அப்படியே தெரிகிறது. இயந்திரக் காசின் விலை ஹோட்டலில் ஒரு வேளை சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. உங்கள் ஊர்ப்பக்கமும் இப்படி ஒரு காசு இருக்கும். மதுரை, தஞ்சை நாயக்கர் காசுகள் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 10 காசு, 20 காசு இருக்கின்றன. 1808 என்று பொறித்த கம்பெனிக் காசுகளில் ஒரு பெரும் சரக்கு மதராஸுக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலோடு மூழ்கியது. பிற்காலத்தில் கடலடியிலிருந்து எடுத்தார்கள். நம் கடைவீதிகளில் புழங்கியிருக்க வேண்டிய காசு அது.

பைசா செலவில்லாத எல்லையும் உண்டு. தமிழகத்தோடு தொடர்புள்ள நினைவுக் காசுகளைச் சில்லறையிலிருந்தே பொறுக்கலாம். 1995இல் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்தவை, 5 ரூபாயில் காமராஜர், அண்ணா, சி. சுப்பிரமணியம், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு. கிடைத்தால் முகமதிப்புத்தான் செலவு. நாணயச் சாலை பெட்டியில் வைத்து விற்கும் 100 ரூபாய் நினைவு நாணயங்கள் வேறு வகை. அவை புழக்கத்துக்கு வருவதில்லை, விலையும் ஆயிரக்கணக்கில். தொடக்கத்தில் அவை வேண்டாம்.

எண்ணிக்கையைவிட நிலையைப் பாருங்கள். எழுத்து மழுங்கிய பத்து காசுக்குக் கொடுக்கும் பணத்தில், வருஷமும் குறியும் தெளிவாக உள்ள ஒன்றை வாங்குங்கள். பளபளப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒருமுறை ஒரு வியாபாரி, "எவ்வளவு ஜொலிக்குது பாருங்க சார்" என்று 1835ஆம் வருஷத்துக் கால் அணா ஒன்றைக் கொடுத்தார். புதுச் செம்புப் பாத்திரம் மாதிரி சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். செம்பில் காலப்போக்கில் படிந்த பழுப்பு நிறம் காசைக் காக்கும் போர்வை. குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் அது போய்விடும், திரும்பி வராது, விலையும் பாதிக்குமேல் விழும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து ஒற்றி எடுங்கள், அது போதும்.

'வைஷ்ணவி தேவி 5 ரூபாய் காசு வைத்திருந்தால் பல லட்சம்' என்று செல்போனில் வரும் செய்திகளை அப்படியே அழித்துவிடுங்கள். அது புழக்கத்துக்கு வந்த சாதாரணக் காசு. பழைய காசை வாங்கித் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021இல் எச்சரித்தது. ராமர் பட்டாபிஷேகம் பொறித்த '1818 கம்பெனி அணா'வும், அரிசியை இழுக்கும் இரிடியம் காசும் கட்டுக்கதை, இவற்றில் சேமிப்பை இழந்த குடும்பங்கள் உண்டு. சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மண்ணில் புதையலாகக் கிடைத்த காசை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

முதல் மாதப் பணத்தில் காசே வாங்காதீர்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று, சதுர அட்டை ஹோல்டர்கள் ஒரு கட்டு, ஒரு நோட்டு. நெகிழும் பிவிசி உறைகள் நாளாக ஆகப் பசைபோலக் கசிந்து காசைப் பச்சையாக்கும், அவற்றைத் தவிருங்கள். நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி: என்ன காசு, எங்கே எப்போது வாங்கியது, என்ன விலை, என்ன எடை. பணம் செலவாகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் அரைநாள் நின்று பாருங்கள். எந்தக் காசின் முன் அதிக நேரம் நின்றீர்களோ, அங்கிருந்து எல்லையைப் போடலாம்.

என் நோட்டில் ஒரு வரி இன்னும் காலியாக இருக்கிறது. கையால் அடித்த அம்மன் காசில், அம்மன் உருவம் தலையிலிருந்து பாதம்வரை முழுதாக விழுந்த ஒன்று. ஒவ்வொரு கண்காட்சியிலும் செப்புக் காசுத் தட்டின் முன் உட்கார்ந்து, லென்ஸோடு அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.