உங்களுக்குத் தெரியுமா? தொடாமலே பாயும் மின்சாரம்

● இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஒயர்லெஸ் சார்ஜருக்கும் அடிப்படை ஒன்றுதான்: மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், பக்கத்தில் உள்ள உலோகத்தில் மின்சாரத்தைத் தூண்டும். மைக்கேல் ஃபாரடே 1831-லேயே கண்டறிந்த உண்மை இது.

● நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அடுப்புக்குள் இருக்கும் ‘ஐஜிபிடி’ என்ற குறைக்கடத்தி சுவிட்ச், அதை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உயர்த்துகிறது. அந்த அதிர்வு பொதுவாக மனிதக் காதுக்கு எட்டாது.

● பாத்திரத்தின் அடியில் காந்தம் கெட்டியாக ஒட்டினால், அது இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, மின்தடையும் குறைவு. அதனால் வழக்கமான இண்டக்‌ஷன் அடுப்பில் வெறும் அலுமினியப் பாத்திரம் சூடேறாது.

● சார்ஜரின் நடுவில் வைக்காமல் போனைச் சற்றுத் தள்ளி வைத்தால், சார்ஜரிலும் போனிலும் உள்ள கம்பிச்சுருள்கள் இரண்டும் நேருக்கு நேர் அமையாது. சார்ஜ் மெதுவாக ஏறும். மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும்.

● அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2007-ல், 2 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த 60 வாட் பல்பைக் கம்பியில்லாமல் எரியவைத்தார்கள்.

● தென்கொரியாவின் குமி நகரில் 2013-ல், சாலைக்கு அடியில் புதைத்த கேபிள்களிலிருந்து ஓடும்போதே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பேருந்துகள் ஓடத் தொடங்கின. சாலைக்கும் பேருந்தின் அடிப்பகுதிக்கும் இடைவெளி சுமார் 17 செ.மீ.!