நாய் எந்த எழுத்தில் பேசும்?

எழுத்தின் வடிவம் வெறும் அலங்காரம், அர்த்தம் சொல்லில்தான் இருக்கிறது என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். ஒரு நாயின் கதையைச் சொல்கிறேன்.

1994இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், கணினியைக் கண்டு மிரள்பவர்களுக்காக 'பாப்' என்றொரு மென்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. திரையில் ரோவர் என்ற கார்ட்டூன் நாய் வந்து வழிகாட்டும். அதன் பேச்சுக் குமிழில் இருந்ததோ டைம்ஸ் நியூ ரோமன். 1932இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்காக உருவான எழுத்து. நாய் எங்கேயாவது தலையங்கம் பேசுமா? அங்கே வேலை பார்த்த வின்சென்ட் கொனேருக்கு இது உறுத்தியது. கையால் வசனம் எழுதப்பட்ட பேட்மேன், வாட்ச்மென் படக்கதைகளைப் பார்த்து, மவுஸைக் கொண்டே புதிய எழுத்துகளை வரைந்தார். அதுதான் காமிக் சான்ஸ். 'பாப்'பில் அது இடம்பெறவில்லை. விண்டோஸ் 95 காலத்தில் உலகமெங்கும் பரவியது.

உருண்டை முனைகள், கொஞ்சம் தள்ளாடும் கோடுகள். ஆங்கிலச் சின்ன 'ஏ' அச்சில் பெரும்பாலும் தலைக்குமேல் ஒரு கொக்கியோடு வரும். குழந்தை எழுதுவது ஒரு வட்டம், ஒரு குச்சி, அவ்வளவுதான். காமிக் சான்ஸ் குழந்தையின் 'ஏ'வை எடுத்துக்கொண்டது. வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு உகந்த எழுத்துகளில் ஒன்றாக பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் இதையும் சொல்கிறது.

ஆனால் ரசனையின் காவலர்களுக்கு இது ஆகாது. தடைசெய்யச் சொல்லி அமெரிக்காவில் ஒரு இயக்கமே நடந்தது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஃபேபியோலா ஜியானோட்டி ஹிக்ஸ் துகள் பற்றிய முடிவுகளை இந்த எழுத்தில் காட்டியபோது, துகளைவிட எழுத்தைப் பற்றித்தான் பலர் சிரித்தார்கள். (2014 ஏப்ரல் முதல் தேதி, இனி எல்லாமே காமிக் சான்ஸில்தான் என்று செர்ன் அறிவித்து அவர்களைக் கிண்டல் செய்தது.) அறிவு கோட்டு சூட்டு போட்டுத்தான் வரவேண்டும் என்ற ஆணை அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. டைம்ஸும் ஒரு வேஷம்தான். பழகிப்போனதால் வேஷமாகத் தெரிவதில்லை.

இதை வைத்து விளிம்பின் கலகம் என்று காமிக் சான்ஸைக் கொண்டாடவும் நான் தயாரில்லை. கையால் எழுதும்போது ஒரு 'க' போல இன்னொரு 'க' வராது. எழுத்துருவில் நூறு முறை வந்தாலும் ஒரே தள்ளாட்டம், ஒரே கோணல். பெரிய அளவில் நாலு சொல் போட்டால் விளையாட்டாக இருக்கிறது: சுவரொட்டித் தலைப்பு, குழந்தைகள் நூலின் அட்டை, நாடக அழைப்பிதழ். ஒரு பக்கம் முழுக்க அடித்தால் பாசாங்கு பல்லை இளிக்கும். இப்போதைய ஓபன்டைப் எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று உருவங்களை வரைந்து மாற்றி மாற்றி வரவைக்கிறார்கள். பாசாங்கு நுட்பமாகியிருக்கிறது, போகவில்லை.

சரி, இரங்கல் அறிவிப்பை இதில் போடுவாயா என்று கேட்கலாம். மாட்டேன். ஆனால் ஒரு வங்கி தன் அபராத விதிகளைக் குழந்தைக் கையெழுத்தில் அச்சடித்து என்னிடம் நீட்டினால், அதைத்தான் இரண்டு தடவை படிப்பேன்.