கடல் முலையூட்டிகளும் இணை முகாமைத்துவமும்

மாணவர்களே, மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியாவை (கடற்பசு) ஒரு காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடினார்கள். இன்று இலங்கைச் சட்டப்படி அது குற்றம். ஆனால் அலாஸ்காவின் பழங்குடியினர் வில்தலைத் திமிங்கிலத்தை இன்றும் சட்டப்படியே வேட்டையாடுகின்றனர். ஏன் இந்த வேறுபாடு?

அங்கும் தடை வந்தது. 1977இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு, திமிங்கிலங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்று கருதி வேட்டையை நிறுத்தியது. பனிக்கட்டிக்கு அடியாற் செல்பவை எண்ணப்படவில்லை என வேட்டைக்காரர் வாதிட்டனர். அவ்வாண்டே தமக்கென ஓர் ஆணைக்குழுவையும் அமைத்தனர். பின்னர் நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி எண்ணியபோது அவர்கள் சொன்னதே சரியாயிற்று. (கொழுந்து நிறுக்குமிடத்தில் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.)

தடை சிறு பங்கீடாகத் தளர்ந்தது. 1981இல் அமெரிக்க அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. சர்வதேச ஆணைக்குழு அனுமதிக்கும் எண்ணிக்கையை ஊர்களுக்குப் பங்கிடுவதும், வேட்டையைக் கண்காணிப்பதும், அரசுக்கு அறிக்கையிடுவதும் வேட்டைக்காரரின் ஆணைக்குழுவே. இறைச்சி ஊராரின் உணவுக்கு, ஏற்றுமதிக்கு அல்ல. அதிகாரம் இவ்வாறு பகிரப்படுவதே இணை முகாமைத்துவம். "வேட்டைக்கு அனுமதி" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது.

இதைக் காட்டி மன்னாரிலும் வேட்டையை அனுமதிக்கலாம் என எழுதிவிடாதீர்கள். ஆவுளியா 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயொரு குட்டியை ஈனும், எஞ்சியிருப்பவையும் சொற்பம். இங்கு மீனவரின் பங்கு வேறு விதமானது. பாக்கு விரிகுடாவில் தமிழ்நாடு அரசு 2022இல் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக்கியது. அக்கரையில், வலையிற் சிக்கிய ஆவுளியாவை உயிருடன் விடுவித்த மீனவர்களுக்கு வெகுமதியும் வழங்கப்பட்டுள்ளது.